குறுந்தகடும் சுடுகாட்டுப் பாதையும்

சி.டி. இமேஜ் கோப்பு, அதை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுகிற மென்பொருள், இதையெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். கம்ப்யூட்டர் படித்தவர்கள் சமாச்சாரம், நம் சனங்களுடைய பாடுகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம்முடைய பாட்டும் சாவும் சாட்சியமும் நிறைய இடங்களில் இந்த மாதிரிக் கோப்புகளுக்குள்தான் கிடக்கின்றன. திறக்கத் தெரியாவிட்டால் அவை இல்லாததற்குச் சமம். தப்பான கருவியை வைத்துத் திறந்தால் இருப்பதும் கையை விட்டுப் போகும். ஒரு வருஷமாக நானும் என் அண்ணன் மகளும் பட்ட பாட்டிலிருந்து இதை எழுதுகிறேன்.

எங்கள் சேரி திண்டிவனத்துக்குப் பக்கத்தில், ஒரு ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. 1996இலிருந்து நான் இரவல் வாங்கிய டேப்ரெக்கார்டரில் எங்கள் தெருப் பெண்களின் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் பதிவு செய்துவந்தேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை. கிழவிகள் ஒவ்வொருத்தராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள், அதுதான் காரணம். 2001இல் என் பெரியப்பா மகன், அண்ணன், டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தார். ராத்திரி கடை மூடின பிறகு உட்கார்ந்து என் கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சி.டி.யாகப் போட்டுக் கொடுத்தார். "தகரக் கூரைக்குக் கீழ சி.டி. நிக்காதுடா" என்று அவரே சொல்லி, ஒவ்வொரு சி.டி.க்கும் ஒரு இமேஜ் எடுத்து ஹார்டு டிஸ்கிலும் வைத்தார். அவர் சொன்ன மாதிரியே ஆச்சு. நாம் எழுதுகிற சி.டி.யில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சுதான். வெயிலும் வெக்கையும் பட்டால் அது கெட்டுவிடும். அந்தச் சி.டி.களில் பாதிக்கு மேல் இன்று எந்தப் பெட்டியிலும் ஓடுவதில்லை. அண்ணன் 2019இல் இறந்துபோனார். அவர் விட்டுப்போன ஹார்டு டிஸ்கில் 63 இமேஜ்கள் இருந்தன.

இமேஜ் என்றால் படம் இல்லை. ஒரு சி.டி.யில் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரைக்கும் இருப்பதை அப்படியே ஒரே கோப்பாக எடுத்து வைப்பது. அதை வைத்து அந்தச் சி.டி.யை மறுபடி உண்டாக்கலாம், அல்லது சி.டி.யே இல்லாமல் திறந்து பார்க்கலாம். அறுபத்து மூன்றும் ஒரே வடிவத்தில் இருந்திருந்தால் பாடு இல்லை. சென்டர் கம்ப்யூட்டரில் அந்தந்தச் சமயத்தில் எந்த மென்பொருள் இருந்ததோ அதில் எடுத்திருக்கிறார். நீரோ போட்ட என்.ஆர்.ஜி. கோப்புகள் நிறைய. பின், க்யூ என்று ஜோடியாக வரும் கோப்புகள் கொஞ்சம். குளோன்சிடி போட்ட சி.சி.டி., ஐ.எம்.ஜி., சப் என்று மூன்று மூன்றாகச் சில. ஆல்கஹால் 120 போட்ட எம்.டி.எஃப்., எம்.டி.எஸ். ஜோடிகள் சில. பவர்ஐஎஸ்ஓவின் டி.ஏ.ஏ. ஒன்றே ஒன்று. எல்லாரும் திறக்கக்கூடிய ஐ.எஸ்.ஓ. நாலைந்துதான்.

ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஏன் எல்லாரும் திறக்க முடிகிறது? அதன் உள்ளமைப்பு 1988இல் சர்வதேசத் தரமாக வெளியானது. ஐ.எஸ்.ஓ. 9660 என்று பெயர். யாருக்கும் சொந்தமில்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து, இரண்டு தட்டுத் தட்டினால் ஐ.எஸ்.ஓ. தானாகத் திறந்துகொள்கிறது. மற்றதெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் வசதிக்குச் செய்துகொண்ட வடிவம். அந்த மென்பொருள் கையில் இல்லையென்றால் கோப்பு வெறும் கல். அதனால் எல்லாவற்றையும் பொது வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று அண்ணன் மகள் சொன்னாள். அவள் பாலிடெக்னிக் முடித்தவள். அவள் அப்பா விட்ட சொத்து அந்த ஹார்டு டிஸ்க் ஒன்றுதான்.

இதில் அவசரமும் ஒன்று சேர்ந்துகொண்டது.

எங்கள் சுடுகாட்டுக்கு ஏரிக்கரை ஓரமாக ஒரு வண்டிப்பாதை இருந்தது. இப்போது இல்லை. இரண்டு பக்கத்து நிலத்துக்காரர்களும் வருஷத்துக்கு ஒரு சால் என்று உள்ளே தள்ளி ஓட்டி, பாதை வரப்பாகி, வரப்பும் போய்விட்டது. மழைக்காலத்தில் செத்தால் பிணத்தை இடுப்பளவு சேற்றில் தூக்கிப்போகிறோம். பாதையை மீட்டுத் தரச் சொல்லி மனு கொடுத்தோம். "அங்க பாதை இருந்ததுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க" என்று கேட்டார்கள். ஆதாரம் இருந்தது. 2003இல் என் ஆயாவின் சாவை, கல்யாண வீடியோ எடுக்கிற எங்கள் தெருத் தம்பி ஒருவர் எடுத்தார். தேர்கட்டிப் பாதை வழியாகவே தூக்கிப்போனார்கள். சர்வே கல் ஒன்று பாதையோரம் நிற்பதும் தெரியும். அந்தப் படத்தை அண்ணன் வி.சி.டி.யாகப் போட்டு, நீரோவில் இமேஜும் எடுத்து வைத்திருந்தார். வி.சி.டி. உடைந்துவிட்டது. இமேஜ் இருக்கிறது.

அண்ணன் மகள் ஊரில் இல்லாத வாரம் அது. மாவட்டத் தலைநகரில் ஒரு கடையில் அந்தக் கோப்பின் நகல் ஒன்றைக் கொடுத்து, திறக்கிற மாதிரி மாற்றித் தரச் சொன்னோம். மூல ஹார்டு டிஸ்கை வீட்டை விட்டு எடுத்துப்போகக் கூடாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். சாயங்காலம் ஐ.எஸ்.ஓ.வாகக் கொடுத்தார்கள். "சக்ஸஸ்னு வந்துடுச்சி" என்றார் கடைக்காரர். வீட்டில் போட்டுப் பார்த்தால் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறின. குரல் விட்டு விட்டு வந்தது. கல் எது, மண் எது என்று தெரியவில்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு அவர் சொன்னார்: "பழைய சரக்கு அப்பிடித்தாங்க இருக்கும். எடுத்தவன் சரியா எடுக்கல. சாவு மேளந்தானே, இதுல பாக்கறதுக்கு இன்னா இருக்குது?"

எடுத்தவர் சரியாகத்தான் எடுத்திருந்தார். கெடுத்தது மாற்றம். எப்படிக் கெட்டது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிற விஷயமே அதில்தான் அடங்கியிருக்கிறது.

சி.டி.யில் ஒரு செக்டாருக்கு 2352 பைட் இடம். ஒரு வினாடிக்கு 75 செக்டார். சாதாரணத் தகவல் சி.டி.யில் அந்த 2352இல் நம்முடைய விஷயம் 2048 பைட்தான். மிச்சமெல்லாம் இது இன்ன செக்டார் என்கிற அடையாளமும், கீறல் விழுந்தால் திருத்திக்கொள்கிற கணக்கும். ஐ.எஸ்.ஓ. கோப்பு அந்த 2048ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். தகவல் சி.டி.யாக இருந்தால் அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

வி.சி.டி. அப்படியில்லை. 1993இல் அதற்கு விதி வகுத்தவர்கள், படத்தில் ஒரு புள்ளி போனாலும் பெரிசில்லை, நேரம் அதிகம் கிடைக்கட்டும் என்று திருத்தக் கணக்கைக் குறைத்து, ஒரு செக்டாருக்கு 2324 பைட் படத்தை அடைத்தார்கள். அதைக் கொண்டுபோய் 2048 கொள்ளும் ஐ.எஸ்.ஓ.வில் திணித்தால் ஒவ்வொரு செக்டாரிலும் 276 பைட் வெட்டுப்படும். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதுவும் கடைசியில் மொத்தமாகப் போகாது. ஒவ்வொரு வினாடியிலும் 75 தடவை, ஒவ்வொரு துண்டின் வாலும் அறுந்து போகும். மென்பொருள் தன் வேலையை முடித்துவிட்டு 'வெற்றி' என்று சொல்லும். அதைப் பொறுத்தவரை வெற்றிதான். அதற்கு 2048 வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டது.

ஆடியோ சி.டி.க்கும் ஐ.எஸ்.ஓ. ஆகாது. அதில் 2352 பைட்டும் குரல்தான். கோப்பு என்று ஒன்றும் அதில் கிடையாது, ட்ராக்குகள்தான். எங்கள் ஒப்பாரிகளெல்லாம் ஆடியோ சி.டி.களாகத்தான் இருந்தன. 'எல்லாவற்றையும் ஐ.எஸ்.ஓ. ஆக்கு' என்று சொல்கிறவர் சொல்லைக் கேட்டிருந்தால் என் ஆயாவின் குரல் இன்று இல்லை.

அதனால் முதல் கேள்வி எந்த மென்பொருள் நல்லது என்பதல்ல. உள்ளே இருப்பது என்ன என்பதுதான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். க்யூ என்கிற கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஒரு வரி இருக்கும். ஆடியோ என்று போட்டிருந்தால் பாட்டு. மோட்1 என்றிருந்தால் தகவல். மோட்2 என்றிருந்தால் அநேகமாக வி.சி.டி. பின் கோப்பின் அளவை பைட்டில் பார்த்து 2352ஆல் வகுத்தால் மீதியில்லாமல் போகிறதா, 2048ஆல் வகுத்தால் போகிறதா என்று பார்க்கலாம். முதலாவது செக்டாரை முழுசாக எடுத்தது. இரண்டாவது பெயர் என்னவாக இருந்தாலும் உள்ளே ஐ.எஸ்.ஓ.வாக இருக்க வாய்ப்புண்டு. 2006இல் அண்ணன் எடுத்த ஒரு டி.வி.டி.யின் எம்.டி.எஃப். அப்படித்தான் இருந்தது. பெயரின் வாலை மட்டும் மாற்றினோம், திறந்துகொண்டது. அதற்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை.

பெயரை மாற்றுவது எல்லாவற்றுக்கும் பலிக்காது. நீரோவின் தகவல் சி.டி. இமேஜை வாலை மாற்றி ஐ.எஸ்.ஓ. என்றால் திறக்காது. முன்னால் 150 செக்டார், அதாவது 307200 பைட், இடைவெளியாகக் கிடக்கும். இரண்டு வினாடி மௌனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நீரோவின் சொந்தக் குறிப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். என்.ஆர்.ஜி.2ஐ.எஸ்.ஓ. என்கிற சின்ன இலவச நிரல் செய்வதெல்லாம் அந்த முன்பகுதியைத் தாண்டி மிச்சத்தை நகலெடுப்பதுதான். எங்கள் துண்டறிக்கைகள், கூட்டப் படங்கள் இருந்த தகவல் சி.டி.களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆயாவின் சாவுப் படத்துக்கு அது உதவாது.

அந்தப் படத்துக்கு உதவியது விசிடி இமேஜர் என்கிற இலவசத் தொகுப்பில் வரும் விசிடிஎக்ஸ்ரிப். குனூ திட்டத்தைச் சேர்ந்தது. அது இமேஜை ஐ.எஸ்.ஓ.வாக மாற்றுவதே இல்லை. இமேஜுக்குள் போய் 2324 பைட்டையும் முழுசாக எடுத்து, எம்பெக் படமாக வெளியே வைக்கிறது. அண்ணன் மகள், பள்ளியில் கொடுத்த அரசு இலவச மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு இதைச் செய்தாள். பட்டன் கிடையாது, சாளரம் கிடையாது, கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்க வேண்டும். சில நிமிஷத்தில் முடிந்தது. படம் ஓடியது. தேர் போகிறது, பின்னால் சனம் போகிறது, பாதையோரம் அந்தக் கல் நிற்கிறது. அவள் படத்தை நிறுத்திக் கல்லை எனக்குக் காட்டினாள். "சித்தப்பா, எடுத்தவரு நல்லாத்தான் எடுத்துருக்காரு" என்றாள்.

இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை பட்டனும் சாளரமும் உள்ள, காசு கேட்கிற மென்பொருள்கள். காசு கேட்பது குற்றமில்லை. அதில் சிலது காசு கட்டும்வரை 300 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பைத் தொடாது. ஒரு முழு சி.டி. 700 எம்.பி. அப்படியானால் நாம் சோதித்துப் பார்க்கக்கூட முடியாது. திருட்டுச் சாவி போட்டு ஓட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். திருட்டுச் சாவி தருகிற இடங்களில் அதோடு வேறு என்னென்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு பிரதியாக இருக்கிற பொருளை அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் செருக வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கோப்பை இணையதளத்தில் ஏற்றினால் அவர்களே மாற்றித் தருவார்கள். எங்கள் கோப்புகளில் இரண்டில், பெண்கள் தங்களுக்கு நடந்ததை, செய்தவன் பெயரையும் சொல்லிப் பேசியிருக்கிறார்கள். "இது நம்ம சனத்துக்குள்ள இருக்கட்டும்" என்று சொல்லித்தான் பேசினார்கள். அதை எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனியின் இயந்திரத்தில் கொண்டுபோய் வைக்க எனக்கோ அவளுக்கோ உரிமை இல்லை. வீட்டுக்குள்ளேயே, இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஓடக்கூடிய மென்பொருள்தான் வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. சில பேருக்கு இது வசதிப் பிரச்சினை. நமக்கு உயிர்ப் பிரச்சினை.

ஆடியோ இமேஜ்களில் ஒன்றுக்கு பின் இருந்தது, க்யூ இல்லை. எங்கே ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைச் சொல்வது க்யூதான். அது இல்லாவிட்டாலும் குரல் போகாது, எல்லைதான் போகும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே அழுகையாக ஓடியது. முழுசையும் ஒரே ட்ராக்காகக் காட்டி அண்ணன் மகள் முதலில் ஒரு க்யூ எழுதிக்கொண்டாள். எந்த மென்பொருளாலும் அதற்கு மேல் செய்ய முடியாது. அமைதி வருகிற இடமாகப் பார்த்துத் தானாக வெட்டுகிற நிரல் இருக்கிறது என்று சொன்னாள். அதற்கு முன்னால் என் அத்தையைக் கூப்பிட்டுக் காது கொடுக்கச் சொல்வோம் என்றேன்.

அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாது. தன் அம்மாவின் குரலை இருபது வருஷம் கழித்துக் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. அப்புறம் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டியது. "இங்க அண்ணனுக்கு அழுவறது முடிஞ்சிடுச்சி. இது புருசனுக்கு." கொஞ்சம் போனதும், "இது எங்கம்மா இல்ல. மேலத்தெரு அஞ்சல எடுத்துக் குடுக்குறா. அவளையும் எழுதிக்கோ" என்றது. நடுவில் ஒரு இடத்தில் குரல் நின்று வெறும் மூச்சு மட்டும் வந்தது. அங்கே வெட்டலாமா என்று அண்ணன் மகள் கேட்டாள். "யேய், அது பாட்டுதாண்டி. மூச்சு வாங்காம எவ அழுவுறா? அத்த வெட்டினா அப்பறம் அடுத்த சொல்லு எங்கேந்து வரும்?" என்று அதட்டியது அத்தை. தானாக வெட்டுகிற நிரல் சரியாக அந்த இடத்தில்தான் வெட்டியிருக்கும்.

அத்தை கை காட்டின இடங்களையெல்லாம் நிமிஷம், வினாடி, அதற்குக் கீழே வினாடியில் 75இல் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு, அண்ணன் மகள் இரண்டாவது க்யூ கோப்பைத் தன் கையால் எழுதினாள். பதினேழு பாட்டு. பிசங்க் என்கிற நிரல் அந்த எல்லைப்படி பதினேழு ஒலிக்கோப்பாக வெட்டிக் கொடுத்தது. முதல் தடவை ஓட்டியபோது வெறும் இரைச்சல். பைட் வரிசை புரண்டிருக்கிறது என்று கண்டு, அதைத் திருப்பிப் போடும் விசையைச் சேர்த்து ஓட்டினாள், ஆயா வந்துவிட்டது. வெட்டாத பின் கோப்பையும், இரண்டு க்யூவையும் அப்படியே வைத்திருக்கிறோம். அந்தப் பதிவுக்குப் பதிப்பாசிரியர் என்று யாரையாவது போட வேண்டுமானால் அத்தை பெயரைத்தான் போட வேண்டும்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9660இன் முதல் நிலையில் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்து, வாலுக்கு மூன்று எழுத்து. அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும். 1995இல் மைக்ரோசாஃப்ட் ஜோலியட் என்று ஒரு நீட்டிப்பைக் கொண்டுவந்த பிறகுதான் 64 எழுத்து வரை, யூனிகோடில், தமிழில்கூட வைக்க வழி வந்தது. சில மாற்றிகள் இமேஜை நேராக மாற்றாமல், உள்ளே இருப்பதைப் பிரித்தெடுத்து மறுபடி கட்டுகின்றன. அப்போது ஜோலியட்டைத் தேர்வு செய்யாவிட்டால் பெயர்கள் அறுபடும். முனியம்மாள் ஒப்பாரி, முனியம்மாள் நடவு என்று ஆங்கில எழுத்தில் அண்ணன் வைத்த இரண்டு பெயரும் எட்டாவது எழுத்தில் அறுந்து ஒரே பெயராகிவிடும். பிறகு ஒன்றுக்கு நம்பர் போட்டுவிடும். பெயரை ஒழுங்காகச் சொல்லிக் கூப்பிடாத ஊரில் பிறந்தவர்கள் நாம். முனியம்மாளை நம்பராக்குகிற மென்பொருள் எனக்கு வேண்டாம். மாற்றின பிறகு பழைய பெயர்ப் பட்டியலையும் புதுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

இதைச் செய்யும்போதெல்லாம் எனக்கு எங்கள் நிலத்தின் ஞாபகம்தான் வந்தது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் நம் சனங்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. வேறு சாதியாருக்குக் கைமாற்றக் கூடாது என்கிற நிபந்தனையோடு என் தாத்தாவின் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்தது. பழைய பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் அந்த நிபந்தனை இருந்ததை என் அப்பா கண்ணால் பார்த்திருக்கிறார். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. அதுவரை பதிவேடு யார் வீட்டு மச்சில் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். எண்பதுகளில் பழைய பதிவேட்டிலிருந்து புதுப் பதிவேட்டுக்கு எழுதி மாற்றினார்கள். சர்வே எண் சரியாக வந்தது, பரப்பு சரியாக வந்தது. எங்கள் நிலத்துக்குக் குறிப்புக் கலம் மட்டும் காலியாக வந்தது. பிறகு அது கம்ப்யூட்டரில் ஏறியபோது காலி காலியாகவே ஏறியது. நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால், பதிவேடு சரியாக மாற்றப்பட்டிருக்கிறது என்கிறார்கள். அந்த 276 பைட்டை விட்டுவிட்டு 'வெற்றி' என்று சொன்ன மென்பொருளின் பதிலும் இதே பதில்தான்.

இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தப் பதிவேட்டின் மூலம் நம் கையில் இல்லை. இந்தக் கோப்புகளின் மூலம் நம் கையில் இருக்கிறது.

மூலத்தைக் கை வைக்காமல் வைத்திருக்க இப்போது சட்டக் காரணமும் இருக்கிறது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுத்தால் ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் கோப்பின் ஹேஷ் எண்ணைக் குறிப்பிடக் கேட்கிறார்கள். ஹேஷ் என்பது கோப்பின் கைநாட்டு மாதிரி. ஷா256 என்கிற முறையில் 64 எழுத்து வரும். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் கைநாட்டு வேறாகிவிடும். மாற்றப்பட்ட படத்தின் கைநாட்டும் மூலத்தின் கைநாட்டும் ஒன்றாக இருக்காது, இருக்கவும் முடியாது. ஆகவே மாற்றினது பார்ப்பதற்கு, மூலம் நிரூபிப்பதற்கு. அண்ணன் மகள் எதையும் மாற்றுவதற்கு முன்பே எல்லா இமேஜ்களுக்கும் ஹேஷ் எடுத்து ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, தெருவில் இரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்தாள். இப்போது மனுவோடு படமும் போயிருக்கிறது. மனு நிலுவையில் இருக்கிறது. ஆனால் 'ஆதாரம் இருக்கா' என்று இனி யாரும் கேட்க முடியாது.

ஒன்று மட்டும் திறக்கவில்லை. அந்த டி.ஏ.ஏ. கோப்பு. அது ஒரு கம்பெனியின் சொந்த வடிவம். சுருக்கிச் சின்னதாக்கும், பூட்டும் போடலாம். அதை ஐ.எஸ்.ஓ. ஆக்குகிற இலவச நிரல் இருக்கிறது, ஆனால் கடவுச்சொல் கேட்கிறது. அண்ணன் எதை நினைத்துப் பூட்டினாரோ தெரியவில்லை. யாரோ கையில் சிக்கக் கூடாது என்று பூட்டியிருப்பார், அவருக்கு அதற்குக் காரணம் இருந்திருக்கும். தெரிந்த பெயரெல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. கோப்பு அப்படியே இருக்கிறது, அதற்கும் கைநாட்டு எடுத்து வைத்திருக்கிறோம். பூட்ட வேண்டிய விஷயங்கள் நம்மிடம் உண்டு. பூட்டினால் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். பூட்டும் பெட்டியும் யாருக்கும் சொந்தமில்லாத வடிவத்தில் இருக்கட்டும்.

இதைப் படிக்கிற தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். உங்கள் தெருவிலும் ஒரு பரண் இருக்கும். அதில் ஒரு டப்பா சி.டி. இருக்கும், இல்லாவிட்டால் யாரோ ஒரு அண்ணன் வைத்துவிட்டுப்போன ஹார்டு டிஸ்க் இருக்கும். எடுங்கள். முதலில் நகலெடுங்கள், மூலத்தை மூடி வையுங்கள். உள்ளே பாட்டா, படமா, தகவலா என்று பாருங்கள். தகவலானால் ஐ.எஸ்.ஓ. ஆக்குங்கள். பாட்டானால் பின், க்யூவாக வைத்து அதிலிருந்து ஒலிக்கோப்பு எடுங்கள். வி.சி.டி.யானால் படத்தை நேராக வெளியே எடுங்கள். வீட்டுக்குள் ஓடுகிற, எதை விட்டது எதை எடுத்தது என்று காட்டுகிற மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். அது கறுப்புத் திரையில் ஒரு வரியாக இருந்தாலும் பரவாயில்லை, நம் பிள்ளைகள் ஒரு நாளில் கற்றுக்கொள்வார்கள். மாற்றினதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், கேளுங்கள். பக்கத்தில் அந்தக் காலத்து மனுசி ஒருத்தியை உட்கார வையுங்கள். எது குறைகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள்.